தானே துலங்கும் சுவர்

ஷஃபான் பிறை தென்பட்டதும் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும் பேச்சு எழுவது நம் கடற்கரை ஊர்களின் பழைய வழக்கம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியிற் கொட்டி நீர் வார்த்து, அது கொதித்துக் குழம்பி அடங்க ஓரிரு நாள் விட்டு, துணியில் வடிகட்டி, சிறிது வஜ்ஜிரமும் கொஞ்சம் நீலமும் கலந்து, தாழை விழுதை நசுக்கிச் செய்த மட்டையால் அடிப்பார்கள். ரமலானின் முதல் தராவீஹுக்குள் சுவர் காய்ந்து வெளுத்துவிடும். பிறைக்கணக்கு பருவங்களைச் சுற்றி வருவதாயிற்றே! ரமலான் ஐப்பசி, கார்த்திகையில் வந்த ஆண்டுகளில், அடித்த சுண்ணாம்பு காயுமுன்னே மழையிற் கரைந்து முற்றத்தில் பாலாய் ஓடியதையும் நாம் பார்த்திருக்கிறோம். கோடையில் வந்த ஆண்டுகளில் பெருநாள் கழித்தும் பல மாதம் சுவர் கண்கூச வெளுத்து நிற்கும். பிறகு வாடை மழை வரும். மழை விட்டதும் அதே சுவர் கறுக்கத் தொடங்கும்.

இவ்வழக்கத்தை நிறுத்திவிடலாமா என்னும் யோசனை சில ஆண்டுகளுக்கு முன் நமது மகல்லாவில் எழுந்தது. யோசனைக்குக் காரணம் மினாரா. தொண்ணூறு அடி உயரத்தில் ஏறி நின்று மட்டை பிடிக்க இப்பொழுது ஆள் கிடைப்பதில்லை. முன்னர் ஆண்டுதோறும் ஏறிவந்த ஒருவர், மூங்கிற் சாரத்தின் கட்டு நெகிழ்ந்து, முதல் உப்பரிகையின் மட்டத்திலிருந்து விழுந்தார். அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பிற்று. இடுப்பெலும்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்பொழுது தெருமுனைத் திண்ணையில் அமர்ந்து வலை பின்னுகிறார். அவரைக் கடந்துதான் ஒவ்வொரு வக்தும் நாம் தொழுகைக்குப் போகவேண்டும். "இனி ஒரு மனிதனை அங்கே ஏற்றி நம்மால் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல முடியாது" என்று முத்தவல்லி சொன்னபோது கூட்டத்தில் எவரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த வேளையில் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தாள் வந்து சேர்ந்தது. ஒருமுறை பூசினாற் போதும். வெயிலும் மழையும் படப்பட, சுவர் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். பத்தாண்டுக்கு ஏணி வேண்டாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. விலையோ சுண்ணாம்புச் செலவைப் போற் பல மடங்கு. பெயிண்டு ஆலையொன்றின் சோதனைக்கூடத்தில் நாம் பல்லாண்டு பணிபுரிந்தோம் என்பது ஊருக்குத் தெரியும். ஜமாஅத்தின் இளைய செயலாளர் அத்தாளை நம் கையில் கொடுத்து, "மாமா, நீங்க பெயிண்டுலேயே முடி நரைச்சவங்க. இது மெய்யா பொய்யா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க" என்றார். ஒரே வார்த்தையில் அடங்கும் செய்தியாக அது இல்லை. ஆகவே அன்று கமிட்டிக்குச் சொன்னதையும், அதன்பின் கண்டதையும் ஈண்டுச் சற்று விரித்தே எழுதுகிறோம்.

தானே சுத்தமாகும் பூச்சு என்னும் பெயர் பெயிண்டுத் தொழிலுக்குப் புதியதன்று. டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்பொடிக்கு அனட்டேஸ், ரூட்டைல் எனப் படிக வடிவங்கள் உண்டு. அனட்டேஸ் கலந்த பெயிண்டின் மேற்பரப்பு வெயிலில் சிதைந்து மாவாக உதிரும். அமெரிக்க மரவீடுகளுக்கு வெள்ளைப் பெயிண்டு செய்தவர்கள் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அவ்வுதிர்தலை அளவோடு அமைத்து விற்றனர். ஒவ்வொரு மழைக்கும் ஒரு நுண்படலம் கழன்று, தன்மேல் ஒட்டிய அழுக்கையும் உடன் இழுத்துக்கொண்டு போகும். சுவர் வெள்ளையாய் இருக்கும். பூச்சு மெலிந்துகொண்டே வரும். நமது சுண்ணாம்பு செய்துவந்ததும் அதுவே. பள்ளிச் சுவரில் சாய்ந்து, வெளுத்த முதுகோடு வீடு திரும்பி உம்மாவிடம் ஏச்சு வாங்காத பிள்ளை நம் காலத்தில் எவன்?

இன்று அப்பெயரால் விற்கப்படுபவை வேறு வகை. அவற்றுள் ஒன்று ஜப்பானிலிருந்து வந்தது. 1967-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹோண்டா கெனிச்சியின் மாணவராயிருந்த ஃபுஜிஷிமா அகிரா, நீரில் அமிழ்த்திய டைட்டானியம் டை ஆக்சைடுப் படிகத்தின்மேல் ஒளி பாய்ச்சியபோது, நீர் பிரிந்து குமிழிகள் எழக் கண்டார். 1972-இல் அது 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்துவிட்டபடியால், நீரிலிருந்து எரிபொருள் எடுக்கும் வழியாகவே உலகம் அதை நோக்கிற்று. சுவர் கழுவும் யோசனை பின்னாளில் வந்தது.

அதன் செயல்முறை இதுதான். புற ஊதாக் கதிர் படும்போது அப்படிகத்தில் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழும். அது விட்ட இடம் வெறுமையாய் நிற்கும். அவ்விரண்டும் காற்றின் ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, கண்ணிமைப்பொழுதும் நில்லாத, ஆனால் மிகுந்த வீரியமுள்ள துகள்களைப் பிறப்பிக்கும். எண்ணெய்ப் பசை, புகைப் பிசுக்கு போன்ற கரிமப் பொருள்கள் அவற்றால் சிறிது சிறிதாகச் சிதையும். இன்னொரு தன்மையை டோட்டோ நிறுவனத்து ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். ஒளிபட்ட அப்பரப்பில் நீர் துளியாய்த் திரளாமல் மெல்லிய தகடாய்ப் பரவிவிடும். பரவிய நீர் அழுக்கின் அடியிற் புகுந்து அதைத் தூக்கிக்கொண்டு இறங்கும். 2001-இல் பில்கிங்டன் நிறுவனம் இவ்வழியிலேயே சாளரக் கண்ணாடியும் செய்து விற்கத் தொடங்கிற்று.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அழுக்கைத் தின்னும் அவ்வினை, பெயிண்டைப் பிடித்துவைக்கும் பிசினையும் தின்னும். அழுக்கும் கரிமம், அக்ரிலிக் பிசினும் கரிமம். ஆகவே சிலிக்கேட்டு, சிலிக்கோன் போன்ற கனிமத் தன்மையுள்ள பிணைப்பிலேயே அப்பொடியைக் கலக்கவேண்டும். அல்லது சுவருக்கும் அதற்கும் இடையில் சிலிக்காவாலான காப்புப் படலம் ஒன்று வேண்டும். மலிவான பூச்சில் இப்பொடியைத் தூவிவிட்டு, 'நேனோ' என்று பெயரிட்டு விற்பவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி பிசின் எது என்பதே. டப்பாவின் மேல் அச்சிட்ட பெயர் அதற்கு விடையாகாது.

மற்றொன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. தாமரை இலைத் தண்ணீர் என்பது நம் பேச்சில் ஒட்டாமைக்கு உவமை. அவ்விலை ஏன் ஒட்டவிடுவதில்லை என்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்ட்லோட். நுண்ணோக்கியில் வைப்பதற்குமுன் வழவழப்பான இலைகளையெல்லாம் கழுவவேண்டியிருந்தது. தாமரையை ஒத்த, மேடும் பள்ளமுமான இலைகளைக் கழுவத் தேவைப்படவில்லை. வழுக்கும் பரப்பே தூய்மையானது என்று நாம் அனைவரும் எண்ணியிருந்தோம் அல்லவா? இலை அதற்கு நேர்மாறாகச் சொல்லிற்று. அதன் மேற்றோலில் மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்களவான முகிழ்கள். அவற்றின்மேல் அவற்றினும் பன்மடங்கு நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி அவற்றின் முனைகளில் மட்டும் அமர்ந்து, அடியிற் காற்றோடு நிற்கும்; சற்றுச் சாய்த்தால் உருளும்; உருளும்போது தூசியைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு போகும். பார்ட்லோட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹூயிசும் 1997-இல் இதனை விளக்கி எழுதினர். 1999-இல் அவ்வடிப்படையில் அமைந்த சுவர்ப்பெயிண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது மதரஸாவில் ஓதிய ஃபிக்ஹின் முதற்பாடம் நினைவுக்கு வந்தது. தஹாரத்தின் பாடத்தில், அசுத்தம் பட்ட நிலம் வெயிலிலும் காற்றிலும் உலர்ந்து அதன் அடையாளம் நீங்கிவிட்டால், அந்நிலம் சுத்தமே, அதன்மேல் தொழலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. ஷாஃபிஈ மத்ஹபிலோ நீர் ஓடியே தீரவேண்டும். சுவரிற் படியும் தூசி நஜீஸ் அன்று. மார்க்கச் சட்டத்தைப் பெயிண்டு டப்பாவுக்குள் அடைக்கவும் நாம் முனையவில்லை. ஆயினும் ஒன்று வெயிலை நம்புவதும், மற்றது நீரை நம்புவதும் நம் கண்ணிற் படாமற் போகவில்லை. ஊர் ஆலிம் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் வாய்விட்டுச் சிரித்து, "அப்படியானால் உங்கள் மினாராவுக்கு மத்ஹபு பார்த்துப் பூச்சு வாங்குங்கள்" என்றார்.

சிரிப்பு ஒருபுறமிருக்க, கேள்வி சரியானதே. நம் சுவருக்கு எவ்வளவு வெயில் வருகிறது? எவ்வளவு நீர் வருகிறது? எப்பொழுது வருகிறது?

இக்கேள்வியைக் கேளாமற் கட்டியவர்கள் பெருநகரங்களிலும் உண்டு. ரோம் நகரின் புறப்பகுதியான தோர் த்ரே தெஸ்தேயில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரிச்சர்டு மையர் அமைத்த தேவாலயம் 2003-இல் திறக்கப்பட்டது. கப்பற்பாய்களைப் போல் வளைந்து எழும் மூன்று பெருஞ்சுவர்கள் அதன் அழகு. அவ்வெண்மை என்றும் நிலைக்கவேண்டும் என்று இத்தாலிய சிமெண்டு நிறுவனமான இத்தால்செமெந்தி, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெண்சிமெண்டைச் செய்து கொடுத்தது. உலகெங்கும் இத்துறையில் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட கட்டடம் அது. ஏறக்குறைய பதினைந்தாண்டு கழித்து அதனை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த கட்டுரை, எதிர்பார்த்த வெண்மை எல்லாப் பரப்பிலும் நிலைக்கவில்லை என்று காட்டிற்று. பொருளைப் பழித்து இதைச் சொல்லவில்லை. வெயிலும் மழையும் ஒரு கட்டடத்தின் எல்லா முகத்திலும் ஒன்றுபோல் விழுவதில்லை. வளைந்த சுவரில் அது இன்னும் அதிகம்.

இனி நமது கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையின் தென்பகுதியில் மழை ஐப்பசி முதல் மார்கழி வரை. அப்பொழுது வீசுவது வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து மழையைச் சாய்த்து அடிக்கும். ஆகவே அதிகம் நனைவன வடக்கு முகமும் கிழக்கு முகமும். அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், வடக்குச் சுவர் நாள் முழுதும் நிழலில் கிடக்கும். எப்பொழுது நனைகிறதோ அப்பொழுதே அதற்கு வெயில் இல்லை. பின்னர் வெயில் வடக்கே திரும்பும்போது மழை இல்லை. வெயிலை நம்பும் பூச்சுக்கு இதைவிட மோசமான சுவர் கிடைப்பது அரிது.

நனைந்து நிழலில் கிடக்கும் சுவரில் ஏறுவது உயிருள்ள அழுக்கு. நம் ஊர்ச் சுவர்களிற் கறுப்பாய்க் காண்பதைப் புகை என்றும் பூஞ்சை என்றும் பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அது நீலப்பச்சைப் பாசி. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கருநிறப் பொருளைத் தன் உறையில் சேர்த்துக்கொண்டு, கோடை முழுதும் காய்ந்த தோலாய்ச் செத்ததுபோல் ஒட்டிக்கிடக்கும். முதல் மழைத்துளி பட்டதும் மீண்டும் உயிர்க்கும். மழைமிகுந்த கேரளத்திலும் சிங்கப்பூரிலும் சுவர்களில் வழியும் செம்மஞ்சள் கறை வேறு. அது டிரெண்டிபோலியா என்னும் பாசி. பச்சைப்பாசி இனத்தைச் சேர்ந்ததாயினும், கேரட்டுக் கிழங்கின் நிறப்பொருளை ஒத்த நிறமிகளால் சிவந்து காணும்.

வாடை ஓய்ந்ததும் மாதக்கணக்கில் மழை இல்லை. கச்சான் வீசும் மாதங்களில் உப்பும் புழுதியும் சுவரில் படியும். உப்பை எந்த ஒளிவினையும் சிதைக்காது, மண்ணையும் சிதைக்காது. அவை கனிமங்கள்; நீர் வந்து கழுவவேண்டும். தாமரைப் பூச்சோ உருளும் துளிக்காகக் காத்திருக்கும். மார்கழிப் பனியிற் படியும் நுண்ணிய ஈரம் உருள்வதில்லை. மேடுபள்ளங்களின் இடுக்கிலேயே தங்கி, பாசிக்குப் பாலூட்டும். ஐரோப்பாவிலும் இரவுப் பனியால் சுவர் பாசிபிடிப்பதைக் கண்டபின், நீரை விரட்டுவதைக் காட்டிலும் விரைவில் உலர்த்துவதே மேல் என்று சில பூச்சுகளை மாற்றி அமைத்தார்கள்.

சொல்லிக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று கமிட்டியிடம் இரண்டு மழைக்காலம் அவகாசம் கேட்டோம். நாம் பணிபுரிந்த ஆலையின் மாடியில் பூச்சுத் தகடுகளை இருவகையில் வைப்பது வழக்கம். தெற்கு நோக்கி 45 பாகைச் சாய்வில் வைத்தவை நிறம் மங்குவதையும் மாவுதிர்வதையும் காட்டும். வடக்கு நோக்கிச் செங்குத்தாய் நிறுத்தியவை பாசியைக் காட்டும். விளம்பரத்தாளிற் படமாய் வருவது எப்பொழுதும் தெற்குத் தகடு! அந்த நினைவோடு பன்னிரண்டு சிமெண்டு அட்டைகளை எடுத்து, நான்கில் சுண்ணாம்பும், நான்கில் சிலிக்கோன் பிசின் பெயிண்டும், நான்கில் விளம்பரத்தாள் அனுப்பியவர்களின் மாதிரிப் பூச்சும் அடித்து, பள்ளி மாடியின் கைப்பிடிச் சுவரில் திசைக்கொன்றாய் நிமிர்த்திக் கட்டினோம்.

முதல் மழை முடிந்தபோது ஒளிப்பூச்சின் தெற்கு அட்டை மற்ற எல்லாவற்றிலும் வெண்மையாய் நின்றது, விளம்பரம் பொய்யன்று. அதே பூச்சின் வடக்கு அட்டையில், கீழ்விளிம்பிலிருந்து சாம்பல் நிறம் ஏறிற்று. சிலிக்கோன் அட்டை அதனினும் சற்றும் மோசமாக இல்லை. சுண்ணாம்பு திட்டுத்திட்டாய்க் கரைந்துபோயிற்று. ஆனால் ஒட்டி நின்ற இடத்தில் முதல் மழையில் பாசி இல்லை. புதுச்சுண்ணாம்பின் காரத்தில் பாசி பிழைக்காது. காற்றின் கரியமில வாயுவை உண்டு அது சுண்ணாம்புக்கல்லாய் மாறியதும் காரம் போய்விடும். இரண்டாம் மழையில் அதுவும் கறுத்தது. கச்சான் மாதங்களில் பன்னிரண்டு அட்டையும் ஒரே புழுதிநிறம். மக்தபுக்கு வந்த குழந்தை ஒன்று ஏறி, அவற்றிலொன்றில் விரலால் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தது. புறா எச்சத்தின் முன்னோ ஜப்பானியமும் ஜெர்மானியமும் ஒன்றே.

பாசிக்கொல்லி கலந்த பூச்சை வாங்கலாமே என்றார் ஒருவர். அதை நாம் ஒத்துக்கொள்ளவில்லை. பாசிக்கொல்லி வேலை செய்வதே, நீரிற் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுவதால். ஐரோப்பிய நகரங்களில் டெர்புட்ரின், டையூரான் போன்ற மருந்துகள் வீட்டுச் சுவர்களிலிருந்து மழைநீரோடு இறங்கி மண்ணையும் நீர்நிலைகளையும் அடைவதை ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். நம் பள்ளியின் மழைநீர் எங்கே போகிறது? மாடியிலும் மினாராவிலும் விழும் நீர் குழாய்வழி இறங்கி, ஹவுலுக்கு நீர் தரும் கிணற்றையே சேர்கிறது. அதில் வாய் கொப்பளித்து ஒளு செய்கிறோம். சுவர் வெளுப்பதற்காக அந்நீரில் களைக்கொல்லியைச் சேர்ப்பது எவ்விதத்திலும் தகாது.

இதற்கிடையில், வலை பின்னும் அப்பெரியவரிடம் ஒருநாள் மினாராவைப் பற்றிக் கேட்டோம். ஆலை, சோதனைக்கூடம், சஞ்சிகை எல்லாம் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். "காக்கா, நான் ஏறின இருபது வருசமும் கறுப்பு ஒரே எடத்துலதான் முதல்ல வரும். உப்பரிகைக்குக் கீழ, கொண்டலுக்கும் வாடைக்கும் நடுவுல. அங்க மட்டும் மட்டை மூணு தரம் போகணும். மேல உள்ள உருண்டைப் பக்கம் ஒரு தரம் போதும்." உயரத்தில் வெட்டவெளியில் நிற்கும் குமிழ் வெள்ளையாய் இருக்க, உப்பரிகையின் மறைவில் இருக்கும் சுவர் ஏன் கறுக்கவேண்டும்? அவர் விரலால் வரைந்து காட்டினார். உப்பரிகைத் தளத்தின் நீர் விளிம்பைக் கடந்து கீழே சொட்டாமல், அடிப்பக்கத்தில் ஒட்டியபடியே உள்ளே வந்து, சுவரோடு வழிகிறது. மழை நின்று வெகுநேரம் கழித்தும் அவ்விடம் ஈரம்.

நகரங்களில் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். சாளரத்தின் கீழ் இருமூலையிலும் கண்ணீர் வழிந்த தடம்போல் கறுப்புக் கோடுகள் இறங்கும். பூச்சு எதுவாயினும் அக்கோடு அங்கே வரும். ஏனெனில் அது நீர் வகுத்த வழி. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய கற்பள்ளிகளைக் கட்டியவர்கள் கூரை விளிம்பைக் கொடுங்கையாய் வளைத்து வெளியே நீட்டினார்கள். அழகுக்கென்று நாம் எண்ணுவது பாதி, நீரைச் சுவரிலிருந்து விலக்கி விழச்செய்யும் ஏற்பாடு. கான்கிரீட்டு வந்தபின் விளிம்புகளைத் தட்டையாய் வெட்டினோம். நீர் சுவருக்குத் திரும்பிற்று. அதன்பின் அதைத் துடைக்க ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் ஆளனுப்புகிறோம்.

இவ்விடத்தில் மாலி நாட்டுப் பள்ளிவாசல் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நைஜர் ஆற்றுப் பகுதியிலுள்ள ஜென்னே நகரத்துப் பெரிய பள்ளி முழுதும் மண்ணாற் கட்டியது. இன்று நிற்கும் கட்டடம் 1907-இல் எழுந்தது. 1988-இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுப் பட்டியலிற் சேர்த்தது. மழை அதன் மேற்பூச்சை ஆண்டுதோறும் கரைக்கும். ஆண்டுதோறும் மழைக்குமுன் ஊர் முழுதும் திரண்டு புது மண்ணைப் பூசும். சிறுவர்கள் சேற்றைச் சுமந்து ஓடிவர, பெண்கள் நீர் கொண்டுவர, கொத்தர் குலத்துப் பெரியவர்கள் முன்னின்று நடத்துவர். அப்பள்ளியின் சுவர்களிலிருந்து பனைமரக் கழிகள் கட்டுக்கட்டாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தில் முதன்முதல் பார்த்தபோது அலங்காரம் என்றே நினைக்கத் தோன்றும். பூசுகிறவர்கள் ஏறி நிற்பதற்கான சாரமும் அதுவே. கட்டும்போதே சுவரில் வைத்துவிட்டார்கள். அங்கே கட்டியவன், பிற்காலத்தில் ஏறப்போகிறவனின் பாதத்தையும் எண்ணிக் கட்டியிருக்கிறான். நம் மினாராவில் ஒரு கொக்கி கூட இல்லை.

ஆகவே கமிட்டிக்கு நாம் கொடுத்த யோசனை, விளம்பரத்தாளுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதாக அமையவில்லை. இரண்டு உப்பரிகைகளின் தளத்தையும் வெளிப்புறம் சாயும்படி மறுபடி பூசி, விளிம்பின் அடியில் நீர் அறுந்து சொட்டும்படி பள்ளம் இடவேண்டும். பல பத்தாண்டுகளாய் அடுக்கடுக்காய் ஏறிய சுண்ணாம்பை வெங்காயத்தோல் போல் உரித்து, சாந்துவரை சுரண்டவேண்டும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சைப் பூசினாலும் சுண்ணாம்போடு சேர்ந்து பாளம் பாளமாய் விழும். மினாராவுக்கு, மழைநீரைப் புகவிடாததும் உள்ளிருக்கும் ஈரத்தை ஆவியாய் வெளியே விடுவதுமான சிலிக்கோன் பிசின் பெயிண்டு. கடல்மணல் கலந்த பழைய சாந்து அது. மூச்சுவிடாத எண்ணெய்ப் பெயிண்டை அடித்தால் உப்பு உள்ளேயே பூத்துச் சாந்தைப் பொடியாக்கிவிடும். ஒளிப்பூச்சு வேண்டுமென்றே இளைஞர்கள் விரும்பினால், தெற்கு, மேற்கு முகங்களில் அதைப் பூசட்டும். வடக்குக்கு அக்காசு வீண். தரையிலிருந்து பன்னிரண்டடி உயரம்வரை பழைய சுண்ணாம்பே ஆண்டுதோறும் தொடரட்டும். நின்றவாறே எட்டும் சுவர், விழுவார் இல்லை, வெள்ளையடித்துப் பிழைக்கும் இரண்டு குடும்பங்களின் ஷஃபான் கூலியும் போகாது.

கடைசியாக, ஒவ்வொரு உப்பரிகைக்கு மேலும் நான்கு திசையிலும் துருப்பிடியா எஃகு வளையங்களைக் கான்கிரீட்டில் ஆழப் பதிக்கவேண்டும் என்று எழுதினோம். ஐந்தாறு ஆண்டுக்கொருமுறையேனும் ஒருவர் ஏறித்தான் ஆகவேண்டும். ஏணியே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்களின் சொல்லை நம்பி வளையமில்லாமல் விட்டால், அன்று ஏறுபவர் மீண்டும் மூங்கிலையும் கயிற்றையும் நம்பியே ஏறுவார். செலவுப் பட்டியலில் இவ்வளையங்களுக்கான தொகையை அடித்துவிடலாமா என்று பொருளாளர் கேட்டார். முத்தவல்லி பேசவில்லை, தெருமுனைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பொருளாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வேலை தொடங்குமுன் கொத்தனார் வந்து, "பாய், அந்தப் பள்ளத்த வெளிம்புலேர்ந்து எவ்வளவு தள்ளிப் போடணும்?" என்று கேட்டார். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழம் என்றோம். அவர் மணலில் குச்சியால் கோடிழுத்துப் பார்த்தார், நம்பிக்கை வரவில்லை. "இத்துனூண்டு பள்ளத்துக்கா தண்ணி நிக்கும்?" என்றார். மாதிரிக்கென்று வார்த்து வைத்திருந்த பலகையை இரு கல்லின்மேல் சற்றுச் சாய்த்து வைத்து, ஹவுலிலிருந்து ஒரு குவளை நீர் மொண்டு அதன் தலைப்பில் ஊற்றினோம். நீர் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் திரும்பி, பள்ளம்வரை வந்து, அங்கே சற்றுத் தயங்கி, சொட்டுச் சொட்டாய்த் தரையில் விழுந்தது. பள்ளத்துக்கு அப்பால் பலகை காய்ந்தே இருந்தது. கொத்தனார் குனிந்து அவ்விடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சிற்றாளைச் சிமெண்டு குழைக்கச் சொன்னார்.